ஞாயிற்றுக்கிழமை வராத வண்டல்

1

ஈரோட்டில் இந்த மலரை வெளியிடும் நண்பர் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். "துபாயிலிருந்து ரெண்டு பேரு எழுதிட்டாங்க. கனடாவிலிருந்து ஒருத்தரு எழுதறேன்னுட்டாரு. நீங்களும் எழுதிக் குடுங்க. பெங்களூரு வெளிநாடு இல்லதானுங்க, இருந்தாலும் ரெண்டு பக்கம் காலியாக் கெடக்குது" என்றார்.

காலியிடம் நிரப்ப என்னைக் கூப்பிடுவது புதிதல்ல. ஆனால் வெளிநாடு இல்லை என்று அவர் சொன்னதுதான் உறுத்துகிறது.

இந்தப் புரட்டாசியோடு நான் இந்த ஊருக்கு வந்து முப்பத்தோரு வருடம். வெளிநாடு இல்லை என்பவர்கள் தமிழ்நாட்டு எண் பலகையோடு ஒரு ஸ்கூட்டரை அல்சூர் ஏரி முக்கில் ஓட்டிப் பார்க்கட்டும். என்னை நிறுத்திய போக்குவரத்துக் காவலர்களை எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்துமூன்றாவது ஆளோடு ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். வரி ரசீதைக் காட்டினால் அது அங்கே கட்டியது, இங்கே கட்டவில்லை என்பார்கள். இங்கே கட்டப் போனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று கொண்டு வா என்பார்கள். அங்கே போனால், நீ இங்கே இல்லை என்பதற்கு என்ன சான்று என்பார்கள்.

கன்னடம் எனக்கு இன்னும் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. வங்கியில் நான் வாயைத் திறந்ததும் எதிரில் இருக்கும் பெண் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மனைவி சரோஜா கன்னடத்தில் சண்டையே போடுவாள். பேரன் நிஹாலிடம் "சாப்பிட்டியாடா?" என்றால் "ஊட்டா ஆய்து தாத்தா" என்கிறான், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் சொன்னதில் எனக்குச் சொந்தமான சொல் தாத்தா ஒன்றுதான். அதுவும் கன்னடத்திலும் அதேதான்.

காவிரித் தகராறு வரும்போதெல்லாம் ஸ்கூட்டரைக் கூடத்துக்குள் ஏற்றிவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். குழாயில் வந்ததும் அதே காவிரிதான். அப்போதெல்லாம் விசிறியைப் பார்ப்பேன். அது சுற்றிக்கொண்டிருக்கும். அதைச் சுற்ற வைத்த மின்சாரத்தில் எத்தனை பங்கு ஓசூர் எல்லையைத் தாண்டி வந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியும். என் வேலை அது. அந்த மின்சாரத்தை எந்தக் காவலரும் ஓரம் கட்டச் சொன்னதில்லை.

2

மின் கட்டுப்பாட்டு அறையில் ஓய்வு பெற்ற பின் இந்திரா நகரில் ஒரு சிறிய அலுவலகம் என்னை ஆலோசகராக எடுத்துக்கொண்டது. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். அல்சூரிலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம் நான்கும் இப்போது மின்சாரத்தை ஒருவருக்கொருவர் வாங்கி விற்கின்றன. ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. வெயில் இருக்கும்போது சூரிய மின்சாரம் கொட்டிக் கிடக்கும். விலை தரையில் கிடக்கும். பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்குப் போடும் நேரம் விலை ஏறும். அந்த நேரத்தில் விற்பவர்கள் நிஜமாகவே போட்டி போடுகிறார்களா, அல்லது போட்டி போடுவதுபோல் பாவனை காட்டிவிட்டுக் கூடிக்கொள்கிறார்களா என்று பார்ப்பதற்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் எங்கள் அலுவலகத்தை அமர்த்தியிருந்தது. கண்காணிப்பு என்று பெயர். தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பார்த்து, எண்ணி, எழுதிக் கொடுக்கலாம்.

எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. விற்பவர்களில் ஒருவரை நீக்கிப் பார். மற்றவர்கள் சேர்ந்து சுமையைத் தாங்கினால் அவரால் ஆபத்தில்லை. தாங்கவில்லை என்றால் விலை அவர் கையில்.

இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ளும். அல்சூர்க் கடைத்தெருவில் தேங்காய்க் கடை நான்கு. மூன்று அண்ணன் தம்பிகளுடையது. ஆக மொத்தம் இரண்டு. நான்காவது கடைக்காரர் கோயிலுக்குப் போன அன்று தேங்காய் விலை ஏறியதை நானே பார்த்தேன்.

"ஏனுங்க, கருவேப்பிலை வாங்கப் போனீங்களா, கடையை எண்ணப் போனீங்களா?" என்பாள் சரோஜா. கறிவேப்பிலையை மறந்திருப்பேன்.

3

சந்தையை எனக்கு முதலில் காட்டியது பாடப் புத்தகம் அல்ல. என் அப்பா பவானிப் பக்கத்தில் மாட்டுத் தரகர்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். துண்டை விரித்து, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் இவ்வளவு, இரண்டு விரல் இவ்வளவு, விரலைப் பாதியில் பிடித்தால் அதில் அரை. சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் துண்டு அசைவதுதான் தெரியும். பேரம் படியவில்லை என்றால் கையை வெளியே இழுத்துவிடுவார்கள். துண்டுக்காரர் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர வேண்டும். கோபப்படக் கூடாது. அதுதான் மரியாதை.

அப்பாவின் கெட்டிக்காரத்தனம் துண்டுக்குள் இல்லை. கேரளத்து வியாபாரி லாரியோடு வந்து, பொழுது சாய்வதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று நிற்பான். சந்தையின் இரண்டு மூலையில் இரண்டு நல்ல ஜோடி இருக்கும். இரண்டும் வேறு வேறு ஊர்க்காரர்களுடையது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கூடக் கொள்ள மாட்டார்கள். அப்பா நடுவில் நின்று தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டுவார். உடனே இந்த மூலைக்காரரும் மாட்டை அவிழ்ப்பார், அந்த மூலைக்காரரும் அவிழ்ப்பார். "தண்ணி காட்டோணும்" என்று இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வியாபாரி தவித்துப் போவான். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வரும் மாட்டுக்கு விலை வேறு.

அப்பாவை யாரும் அயோக்கியன் என்று சொன்னதில்லை. விவரமான ஆள் என்றார்கள். நானும் அதை வேடிக்கைக் கதையாகத்தான் என் மகள் கல்பனாவுக்குச் சொல்லி வளர்த்தேன். சின்ன வயதில் அவளுக்கும் எனக்கும் மைசூர்பாகுப் பங்கீடே துண்டுக்குள்தான் நடக்கும். விரல் பிடிக்கும்போது முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள். எனக்கு அது வராது.

கல்பனா இப்போது ஒரு மின்சார வணிக நிறுவனத்தில் இருக்கிறாள். நேபாளத்து மின் நிலையம் தன் மின்சாரத்தை இங்கே நேராக விற்க முடியாது. நடுவில் இந்தியாவில் ஒரு வணிக நிறுவனம் வேண்டும். அந்த எல்லை வணிகப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. தரகு எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்திருக்கிறது. அலுவலகத்தில் சேர்ந்த அன்றே இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதி, இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

4

மழைக்காலத்தில் இமயமலை ஆறுகளில் மண்ணும் மணலும் வரும். வண்டல் என்று ஒரு சொல்லில் அடக்குவார்கள். அந்தத் தண்ணீரில் இயந்திரத்தை ஓட்டினால் சக்கரம் தேய்ந்துவிடும். அதனால் நிலையத்தை நிறுத்திவிட்டு, காரணம் வண்டல் என்று பதிவார்கள். நியாயமான காரணம். யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

ஆடி மாதத்தில் இரண்டு நிலையங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று எல்லைக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஆறு வேறு, முதலாளி வேறு. இரண்டுக்கும் பொழுது சாயும் நேரத்தில்தான் வண்டல் வந்தது. விலை இறங்கும் நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. இரண்டும் சேர்ந்து நின்றுவிட்டால் எல்லைக் கம்பியில் மலிவான மின்சாரம் வருவது குறைந்து, விலை எகிறியது.

இன்னொன்றும் கண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டல் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் மூடியிருக்கும்; தேவை குறைவு; நிறுத்தி வைத்தாலும் விலை ஏறாது.

பதிவுகளை அடுக்கிப் பார்த்ததில், எப்போதும் இந்தியப் பக்கத்து நிலையம் முதலில் நின்றது; சரியாகப் பதினைந்து நிமிடம் கழித்து நேபாளத்து நிலையம் நின்றது. இந்திய நிலையத்தின் நிறுத்தம் இணையதளத்தில் உடனே வெளிவரும், யாரும் பார்க்கலாம். ஆகவே நேபாளத்துக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுக் காப்பியடிக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தோம். தந்திரம்தான், ஆனால் பெரிய குற்றமில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிகிற விஷயம்.

எங்கள் அலுவலகத் தலைவர் கிரீஷுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தமிழர் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்த கன்னடக்காரர்; தமிழ் நன்றாகப் பேசுவார். காத்மாண்டு அதிகாரிகளைத் திரையில் சந்தித்துப் பேசக் கூட்டம் ஏற்பாடு செய்தார். காலை பதினொரு மணி. பத்து ஐம்பத்தைந்துக்கே நாங்கள் ஆறு பேர் திரை முன் உட்கார்ந்தோம். பதினொன்றாகியும் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. கிரீஷ் தொலைபேசியில் கூப்பிட்டார். பேசிவிட்டு வைத்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பதினோரு மணிக்கே வந்து உக்காந்திருந்தாங்களாம் சார். நம்ம வரலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

"பதினோரு மணி இப்பத்தானே ஆச்சு?"

"அவங்க பதினொண்ணு சார். நேபாளக் கடிகாரம் நம்மளவிட பதினஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடுது."

இரண்டு இளைஞர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து நிமிடம். காத்மாண்டிலிருந்து வந்த பதிவுகள் காத்மாண்டு நேரத்தில் இருந்தன. எங்கள் கணினி நிரல் அதை நம் நேரம் என்றே எடுத்துக்கொண்டது. நம் ஆறு மணி அங்கே ஆறேகால். யாரும் யாரையும் பதினைந்து நிமிடம் கழித்துப் பின்தொடரவில்லை. இரண்டு நிலையங்களும் ஒரே நொடியில் நின்றிருக்கின்றன.

இந்த மூலை மாடும் அந்த மூலை மாடும் ஒரே நேரத்தில் தாகமெடுத்து எழுந்திருக்கின்றன.

5

அன்று மத்தியானம் கிரீஷ் என் மேசைக்கு வந்தார். முகத்தில் நிம்மதி.

"ஆய்து சார், முகீத்து. கேஸ் குளோஸ். காப்பியடிச்சாங்கன்னு சொன்னோம், அடிக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரே மழை, ஒரே டைம், ரெண்டு ஆத்துலயும் மண்ணு. எல்லாம் நேச்சுரல். நம்ம கடிகாரத் தப்புக்கு ஒரு சாரி எழுதி அனுப்பிடலாம்."

"மழைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா கிரீஷ்?"

"என்ன சார்?"

"பரீட்சையில ஒருத்தன் பக்கத்துல பார்த்து எழுதினா அது காப்பி. ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல உக்காந்து, பார்க்காமலே, ஒரே வரியை ஒரே நேரத்துல எழுதினா? கேள்வித்தாள் வெளியே போயிருக்குன்னு அர்த்தம். முன்னாடி நாம சொன்னது சின்னக் குத்தம். இப்ப தெரியறது பெரிசு."

கிரீஷ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முட்டாள் அல்ல அவர். கேள்வித்தாளை யார் வெளியே விட்டிருக்க முடியும் என்று அவரும் யோசித்தார், நானும் யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. அந்த இரண்டு நிலையங்களின் மின்சாரத்தையும் விற்றுக் கொடுப்பது ஒரே வணிக நிறுவனம். அது ரகசியமே இல்லை. எல்லாருக்கும் முதலிலிருந்தே தெரிந்ததுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறார்கள் என்று நினைத்திருந்த வரை தரகருக்கு அதில் வேலையில்லை. ஒரே நேரத்தில் செய்கிறார்கள் என்றால் தலைப்பாகையை உதறியவர் நடுவில் ஒருவர் இருக்க வேண்டும்.

"சார்," என்று குரலைத் தணித்தார். "அது கல்பனா மேடம் டெஸ்க் தானே?"

"ஆமா."

"அப்ப நீங்க இதை எழுதவே கூடாது. சொந்தக்காரங்கன்னு டிக்ளேர் பண்ணியிருக்கீங்க. ரூல் அது."

"நான் விலகிக்கறேன். வேற யாரையாவது வெச்சு எழுதுங்க."

"வேற யாரு இருக்கா?"

"அப்ப நான்தான் எழுதணும்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையைக் கூப்பினார். இந்த ஊரில் பேருந்து இருக்கையிலிருந்து வாய்க்கால் ஆக்கிரமிப்பு வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே மந்திரம், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்பது. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார். உங்களுக்கும் நல்லது. எனக்கும் நல்லது. மேடத்துக்கும் நல்லது."

நான்காவதாக ஒருவர் இருக்கிறார். பொழுது சாய்ந்ததும் விளக்குப் போடுகிறவர். அவரை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. விலை அவர் கட்டணத்தில் ஏதோ ஒரு வரியில் கலந்து, மாதங்கள் கழித்துப் போய்ச் சேரும். அவருக்குத் தெரியவே தெரியாது. எதிர் அடுக்குமாடியில் சாயங்காலம் எரியும் ஜன்னல்களை நான் எண்ணுவது சரோஜாவுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு அந்த ஜன்னல்கள்தான் வாடிக்கையாளர்.

ஒரு வழி இருந்தது. அறிக்கையோடு உடன்படாத ஆலோசகர் தனிக் குறிப்பு இணைக்கலாம். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

6

கல்பனா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். மற்ற நாட்களில் சாயங்காலம் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. மருமகன் பாதி நாள் வெளியூரில். நிஹாலையும் கூட்டிக்கொண்டு வந்து, மத்தியானம் சாப்பிட்டு, இருட்டும் வரைக்கும் இருந்துவிட்டுப் போவாள்.

அந்த ஞாயிறு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள். "என்னப்பா, உங்க ஆபீஸ்ல யாருக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியாதாமே? காத்மாண்டு பூரா சிரிக்குது."

"உள்ள வந்து சிரி" என்றாள் சரோஜா. "வாசல்ல நின்னு எங்க மானத்தை வாங்காத."

சாப்பாடு முடிந்து, நிஹால் உள்ளே கைப்பேசியோடு படுத்த பிறகு கேட்டேன். "ரெண்டு நிலையத்துக்கும் சாயங்காலம் யாரு போன் பண்றது?"

"நான்தான். தினமும் பண்றேன். தண்ணி எப்படி, வெதர் எப்படின்னு கேப்பேன். அது என் வேலை. கேக்கறது தப்பா?"

"கேக்கறது தப்பில்ல."

அவள் முகம் மாறவில்லை. துண்டுக்குள் விரல் பிடிக்கும்போது இருக்குமே, அந்த முகம். "தாத்தா பண்ணினா விவரமான ஆளு. நான் பண்ணினா கேஸா?" என்றாள்.

"தாத்தா மாட்டை வித்தாரு. விலை கட்டலைன்னா வாங்காம வீட்டுக்குப் போயிரலாம். கரண்டு வாங்காம யாரு இருப்பா?"

"யாருப்பா அந்தக் காசைக் குடுக்கறா? எண்ணிப் பார்த்தீங்களா? ஒரு வீட்டுக்கு மாசம் ஒரு டீக் காசு வராது."

"எத்தனை வீடு?"

"இதைத்தான் சொல்றேன். எதைச் சொன்னாலும் எத்தனைன்னு கேப்பீங்க."

சரோஜா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உங்கப்பன் என் கல்யாணத்துக்கு வந்த செம்பைக்கூட எண்ணின மனுசன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் இது விளையாட்டில்லை என்று புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அப்பா, கேளுங்க." கல்பனாவின் குரல் இறங்கியது. "நீங்க எழுதினா கம்பெனி பேரு வராது. என் பேருதான் வரும். மேல இருக்கறவங்க, அவளாப் பண்ணினது, எங்களுக்குத் தெரியாதுன்னுடுவாங்க. இந்தத் தொழில்ல இன்னொரு இடத்துல என்னை வாசல்லகூட நிறுத்த மாட்டாங்க. வீட்டு லோன் இருக்கு, நிஹால் இருக்கான். உங்களுக்கு இது எழுபது வயசுக்கு மேல ஒரு பொழுதுபோக்கு. எனக்கு இதுதான் எல்லாம்."

நாற்காலி முதுகில் என் துண்டு கிடந்தது. அதை எடுத்து என் கைமேல் போட்டாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும் அந்த விளையாட்டு நின்று. துண்டுக்குள் அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. என் ஆள்காட்டி விரலைப் பாதியில் பிடித்தாள். அரை.

"மேலும் ஆராய வேண்டும்னு எழுதுங்க" என்றாள். "அவ்வளவுதான். நான் ஒண்ணுமே எழுதாதீங்கன்னு கேக்கலை."

அந்தச் சொற்றொடர் எனக்குத் தெரியும். மேலும் ஆராய வேண்டும் என்று எழுதிய எந்த அறிக்கையையும் யாரும் மேலும் ஆராய்ந்து நான் பார்த்ததில்லை. அவள் விரலை விடவில்லை. உள்ளே நிஹால் எதற்கோ கன்னடத்தில் உரக்கச் சிரித்தான்.

நான் கையை வெளியே இழுத்துக்கொண்டேன்.

அவள் துண்டை எடுத்து, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து, மடித்து, நாற்காலியில் வைத்தாள். சந்தையில் அப்படித்தான் செய்ய வேண்டும். கோபமில்லை என்பதற்கு அது அடையாளம். அவள் மடித்த விதத்தில் கோபம் இருந்தது. "நிஹால், ஹோகோணா பா" என்று கிளம்பச் சொல்லி மகனைக் கூப்பிட்டாள். அன்று இருட்டும் வரை இருக்கவில்லை.

7

திங்கட்கிழமை தனிக் குறிப்பைக் கொடுத்தேன். முதல் வரியில், இந்த வணிக நிறுவனத்தில் என் மகள் பணிபுரிகிறாள் என்று எழுதினேன். அதற்குக் கீழே, இரு நிலையங்களும் ஒரே நேரத்தில் நிற்பதையும், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டல் வராததையும், இயற்கையான வண்டலாக இருந்தால் கிழமை பார்த்து வராது என்பதையும் எழுதினேன். கிரீஷ் அதை வாங்கிப் படித்துவிட்டு, "தமிழ்க்காரங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி சார்" என்றார். திட்டவில்லை. வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

விதிப்படி குறிப்பின் பிரதி அந்த நிறுவனத்துக்குப் போனது. குற்றம் சாட்டப்படுகிறவருக்கு என்ன குற்றம் என்று தெரிய வேண்டும் அல்லவா. விளக்கம் வந்தது: இமயமலையின் பருவநிலை. விளக்கம் ஏற்கப்பட்டது. யார் பெயரும் வெளியே வரவில்லை. கல்பனாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக நான் சாமி கும்பிட்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. செய்வதையும் செய்துவிட்டுச் சாமியும் கும்பிடுகிற ஆள் என்று நீங்கள் சிரிக்கலாம்.

ஆவணி முடிவில் என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. என்னை நீக்கிப் பார்த்தார்கள். மற்றவர்கள் சுமையைத் தாங்கினார்கள். சோதனை சரியாகத்தான் வேலை செய்கிறது. கடைசி நாளன்று வாசல் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே அல்சூர் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

குறிப்புக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு நிஹாலுக்கு ஏதோ வகுப்பு என்று கல்பனா அம்மாவிடம் சொன்னாள். அடுத்த ஞாயிறு தலைவலி. புரட்டாசி பிறந்ததிலிருந்து, வேலை இருக்கிறது என்கிறாள்.

நேற்று ஞாயிறு. சாயங்காலம் எதிர் அடுக்குமாடியில் ஒவ்வொரு ஜன்னலாக எரியத் தொடங்கியது. பழக்க தோஷத்தில் இணையதளத்தைத் திறந்தேன். இந்திய நிலையம் நின்றிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் வண்டல் என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். முந்திய ஞாயிறைத் தேடினேன், அன்றும் வந்திருந்தது. அதற்கு முந்தியதிலும். புரட்டாசி ஞாயிறு ஒன்று விடாமல், பொழுது சாயும் நேரத்தில் வண்டல். ஞாயிற்றுக்கிழமை நிறுத்துவதால் அவர்களுக்கு லாபமில்லை, கொஞ்சம் நட்டம்கூட. ஆனால் இனிமேல் எவனும் வந்து, உங்கள் வண்டல் கிழமை பார்த்து வருகிறது என்று சொல்ல முடியாது. நான் எழுதிக் கொடுத்த ஓட்டையை ஒரு மாதத்தில் அடைத்துவிட்டார்கள். எந்தக் கதவு கிரீச்சிடுகிறது என்று திருடனுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கடிகாரம் கால் மணி கூடுதலாகக் காட்டியிருக்கும். அங்கேயும் இதே நொடியில் நின்றிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒருத்தி தொலைபேசியில் தண்ணீர் எப்படி என்று கேட்டு முடித்திருப்பாள்.

சரோஜா சமையலறையிலிருந்து வந்தாள். "கல்பனா போன் பண்ணினா. ராத்திரிச் சாப்பாட்டுக்காவது வாடின்னேன், இன்னிக்கும் வரலையாமா. ஆபீஸ் வேலையாமா."

"ம்."

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அப்படி என்னங்க வேலை? முன்னெல்லாம் இருந்ததே இல்லையே?"

திரையை மூடினேன். "ஆத்துல வண்டல் வந்திருக்குது" என்றேன்.

எந்த ஆறு என்று அவள் கேட்கவில்லை. மேசையில் எடுத்து வைத்திருந்த நான்கு தட்டில் இரண்டைத் திரும்ப உள்ளே கொண்டு போனாள்.